ஒரே ராத்திரியில் முக்கால் கிலோ

கொத்தனார்: இடுப்பு அறுக்குது டாக்டரம்மா... சட்டுனு எடையப் பாத்து இறக்கி விடுங்க.

டயட்டீஷியன்: நான் டாக்டர் இல்ல, டயட்டீஷியன். ஆடாம நில்லுங்க... அட! ஒரே ராத்திரியில முக்கால் கிலோ ஏறியிருக்கே!

கொத்தனார்: எல்லாம் நீங்க எழுதிக் குடுத்த முட்டை பண்ற வேலைம்மா. அப்போ நாளைக்குக் குடலிறக்க ஆபரேஷன் உறுதிதானே?

மனைவி: மொதல்ல கீழ இறங்குய்யா.

டயட்டீஷியன்: இருங்க. கன்னம் ஒட்டித்தானே கெடக்கு... நேத்து ரெண்டு முட்டையும் சாப்பிட்டீங்களா?

கொத்தனார்: ரெண்டும். மஞ்சக்கரு அப்படியே வெண்ணெய்!

டயட்டீஷியன்: நேத்து முட்டை வரல. அவிச்ச பயறுதான் குடுத்தோம்.

மனைவி: கிண்ணத்தத் தொறந்தாவது பாத்திருக்கலாம்ல!

டயட்டீஷியன்: ஓ... அப்போ தொறந்தது நீங்களா? சரி, இவரு இடுப்புல என்ன புடைச்சுக்கிட்டு நிக்குது?

கொத்தனார்: அதாம்மா குடலிறக்கம்.

டயட்டீஷியன்: அது வலப்பக்கம். இது இடப்பக்கம். எடுங்க வெளிய.

மனைவி: அடப்பாவி மனுஷா... தூக்குக்குண்டு! நேத்து பூரா வேலையிடத்துல இதத்தானே தேடினேன்! இது இல்லாம எழுப்புன சுவரை காண்ட்ராக்டர் கழுத்தச் சாய்ச்சுக்கிட்டுப் பாத்துட்டு நிக்கிறாரு!

கொத்தனார்: எந்தப் பக்கம் சாயுது?

மனைவி: ஆஸ்பத்திரிப் பக்கந்தான்!

டயட்டீஷியன்: சிரிக்காதீங்க. ஆபரேஷனுக்கு எடை ஏறணும்னு சொன்னது எனக்காகவா? சத்தில்லாத உடம்புல தையல் பிரிஞ்சுக்கும். சிமென்ட்டைக் கொறைச்சுட்டு சுவர் எழுப்புவீங்களா?

கொத்தனார்: நான் மாட்டேன். காண்ட்ராக்டர் எழுப்பச் சொல்லுவாரு.

டயட்டீஷியன்: ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளித்தான்.

கொத்தனார்: ஒரு வாரமா? அதுவரைக்கும் இவ ஒத்தையில கல்லு சுமக்கணுமேம்மா... நான் எந்திரிச்சாத்தானே...

டயட்டீஷியன்: அதுக்கு முட்டையத் தின்னுருக்கணும்.

கொத்தனார்: இவளத் திட்டாதீங்க. பாவம், ஒண்ணுந் தெரியாது. வார்டுல மிஞ்சினதுன்னு பொய் சொல்லித்தான் குடுத்தேன். பகல் பூரா சுமந்துட்டு வெறும் வயித்தோட வந்து நிக்கிறா...

டயட்டீஷியன்: கூட இருக்கறவங்களுக்கும் சோறு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டா நான் ஏற்பாடு பண்ண மாட்டேனா? வாய் இருக்குல்ல?

கொத்தனார்: கேக்கலாம்னே தெரியாதேம்மா.

டயட்டீஷியன்: நீங்க சொல்லுங்க... மிஞ்சினதுன்னு நம்பித்தான் சாப்பிட்டீங்களா?

மனைவி: ஆஸ்பத்திரியில முட்டை எங்கம்மா மிஞ்சும்... மொத நாளே தெரியும். பசி, கேக்க விடல. இந்த மனுஷனுக்கு நான் ஒரு வாரத்து முட்டை கடன்.