பதினேழாம் தடத்துக்கு ஆளில்லை என்று எழுதியவன்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி சரி. வயது முப்பத்தாறு. போக்குவரத்துக் கணக்கெடுப்பு செய்யும் தனியார் அலுவலகத்தில் ஏழு வருடங்களாக வேலை பார்க்கிறேன். வேன் விபத்தில் இறந்த இருவரில் இளையவள் என் உடன்பிறந்த தங்கை. யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

தொலைபேசி நிறுவனம் தரும் பதிவுகளை வைத்து, எங்கிருந்து எங்கே எத்தனை பேர் போகிறார்கள் என்று மதிப்பிடுவது எங்கள் வேலை. பதிவில் பெயர் இருக்காது. எந்தப் போன் எந்த நேரத்தில் எந்த டவரின் கீழ் இருந்தது என்பது மட்டும் இருக்கும். பகல் முழுக்க வேறு டவரில் தென்படாத போனுக்கு உரியவரை, வீட்டை விட்டுப் போகாதவர் என்று எடுத்துக்கொள்வோம். அந்த விதியை எழுதியவன் நான்.

சென்ற வருடம் பேருந்துக் கழகம் எங்களிடம் கணக்குக் கேட்டது. என் தங்கை வாழ்க்கைப்பட்ட குடியிருப்பில் முக்கால்வாசிப் போன்கள் பகலில் நகரவே இல்லை என்று வந்தது. அங்கிருந்து தையல் ஆலைக்குப் போகும் பதினேழாம் தடத்துக்குத் தேவை மிகக் குறைவு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மாதப் பாஸில் போகிறவர்களுக்கு டிக்கெட் கிழிப்பதில்லை என்பதால் டிக்கெட் எண்ணிக்கையும் எனக்கு ஒத்து ஊதியது. அதன் பிறகு அத்தடத்தின் நடத்துநர் அலுவலகத்துக்கே வந்து, "சார், காலைல கால் வைக்க இடம் இருக்காது. ஒரு நாள் வந்து பாருங்க," என்றார். மேலாளர் டீ வாங்கிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு காலையில் ஆறு நடை போன பேருந்து ஒரு நடையாகக் குறைக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு மதியம் தங்கை வீட்டில் சாப்பிட்டேன். "எந்தப் புண்ணியவானோ எங்க பஸ்ஸுக்கு உலை வச்சுட்டான்ண்ணே. எல்லாரும் சேந்து ஒரு சரக்கு வேன் பேசியிருக்கோம்," என்றாள். வேலைக்குப் போகும்போது போன் எங்கே இருக்கும் என்று கேட்டேன். "வீட்லதான். ஆலைக்குள்ள கொண்டுபோனா அரைநாள் சம்பளம் போச்சு. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்குத் தெரியும். நான்கு வருடமாக, பகலில் நான் அழைத்தால் அவள் மாமியார்தான் எடுத்து, அவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்பார். சரி என்று வைத்துவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து அவளை வீட்டில் இருப்பவள் என்று எண்ணியிருக்கிறேன். அந்தப் புண்ணியவான் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். "இத ஒத்துக்கிட்டா இதுவரைக்கும் குடுத்த அறிக்கையெல்லாம் சந்தி சிரிச்சிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம், சும்மா இரு," என்றார். சும்மா இருந்தேன். அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க இதைச் சொல்லவில்லை. பேருந்துக் கழகத்துக்கு நேரே ஒரு கடிதம் எழுத எனக்குக் கை இல்லாமல் போகவில்லை.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணி அளவில், இருபத்தாறு பெண்கள் நின்றுகொண்டு போன அந்த வேன் பாலத்துக்கு முந்தைய வளைவில் கவிழ்ந்தது. மாமியார் என் தங்கையின் போனிலிருந்துதான் எனக்குச் செய்தி சொன்னார். திரையில் அவள் பெயரைப் பார்த்து, இன்று விடுமுறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

முந்தாநாள் மேலாளர் தட்டச்சு செய்த தாள் ஒன்றை நீட்டினார். ஓட்டுநரே முழுக் காரணம் என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தின் பேர் அடிபடாது என்றார். ஓட்டுநர் காய்கறி ஏற்றுகிறவர். ஆட்களை ஏற்ற மாட்டேன் என்றவரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி. தாளை வாங்காமல் வந்துவிட்டேன்.

இறந்தவரின் அண்ணன் என்ற முறையில் ஓட்டுநர்மீது புகார் உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை என்றேன். வேறு யார்மீதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன். புகார் கொடுப்பவர் பெயரும் அதுதானே, ஒரே பெயரை இரண்டு இடத்தில் எப்படி எழுதுவது என்றார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)