‘மாதிரி’ என்ற சொல்

இந்த ஊர் போலீஸ் என்றாலும் உங்களுக்கும் தமிழ்தான் என்பதில் எனக்குச் சந்தோஷம். எதையும் இரண்டு தடவை விளக்க வேண்டியதில்லை.

என் மனைவிக்கு வாய் அதிகம். கல்யாணமான புதிதில் நானும் ரசித்தேன். பிறகு அவள் என்னை வைத்தே மற்றவர்களைச் சிரிக்க வைக்க ஆரம்பித்தாள். ஒரு விருந்தில், நம் ஆட்கள் பத்துப் பேர் முன்னால், "இவரு ஆபீஸ்ல மேனேஜரு, வீட்டுல மௌன விரதம்" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே கொதித்தது இன்னும் ஆறவில்லை.

இந்த ஊருக்கு வந்ததும், பாஷை தெரியாமல் அவள் வாய் தானாக அடங்கியது. கடையில், பஸ்ஸில் எல்லாம் நான்தான் பேச வேண்டும். குழந்தை பிறந்த பிறகு அழ ஆரம்பித்தாள். குளிக்கவில்லை, தூங்கவில்லை. குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸ் சொல்லி, மனநல டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்க்க ஆள் வரவில்லை. "நீங்களே சொல்லுங்கள்" என்றார் டாக்டர்.

அவள் சொன்னாள்: "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். ‘மாதிரி’ விட்டுப்போனது. முதல் தடவை தெரியாமல்தான். ஆனால் டாக்டர் பேனாவை எடுத்த வேகத்தைப் பார்த்தேன். அவள் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

பிறகு வேண்டுமென்றே விட்டேன். "தலைக்குள்ள சந்தைக்கடை மாதிரி இரைச்சல்" என்றாள். தலைக்குள் பல பேர் பேசுகிறார்கள் என்றேன். மாத்திரை ஏறியது. நாக்கு தடித்தது. ஒரு வாக்கியத்தை முடிக்கவே திணறினாள். வீடு அமைதியாக இருந்தது.

ஒருநாள் காரில் கேட்டாள். "நான் சொல்றத சரியாத்தான் சொல்றீங்களா? அந்தாளு என்னைப் பைத்தியம் மாதிரி பாக்குறாரு."

"ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. என்னை நம்ப மாட்டியா?" என்றேன்.

நம்பினாள். அடுத்த தடவை டாக்டர் முன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "பாப்பா அழுதா, யாரோ என் கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு. மூச்சே விட முடியல."

குழந்தை அழுதால் கழுத்தை நெரிக்கத் தோன்றுகிறது என்றேன்.

யாருடைய கழுத்தை என்று கேட்டார் டாக்டர். நான் குழந்தையைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து மடியிலிருந்து குழந்தையை வாங்கினாள். சும்மா கொஞ்சத்தான் வாங்குகிறாள் என்று நினைத்து இவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். கதவு மூடிய பிறகுதான் புரிந்தது. அப்போது போட்ட கூச்சலுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. இரண்டு பேர் பிடித்து ஊசி போட்டார்கள்.

குழந்தை இப்போது யாரோ முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் வளர்கிறது. என்னிடமும் தரவில்லை, அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. இவள் மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நீங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா பண்ணுது?" என்று தமிழில் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது என்றார்கள். கேட்டது நல்லதுதான்.

செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் என்னை உள்ளே வைப்பதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். பாவம், அவளுக்கு இந்த ஊர் பாஷை தெரியாது. நானும் இல்லாவிட்டால் அவளுக்காக யார் பேசுவார்கள்?