பாலிகோரன் பெட்டியில் எண்பத்தெட்டு

...அதைக் கோவம்னு சேத்துக்காதீங்க சாமி, மனவருத்தம்னு வச்சுக்குங்க. கோவம்னா பாவம். மனவருத்தம்னா காய்ச்சல் மாதிரி, வந்தா என்ன செய்ய முடியும்? இருபத்திரெண்டு வருஷமா அவ பேருக்கு நான் சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். ஒரு நாளாச்சும் "அட்ராக்டா, கால் வலிக்குதா?"ன்னு கேட்டிருப்பாளா? கேக்கல. சரி, கேக்காட்டிப் போகுது. நான் என் பாவத்தச் சொல்லத்தான் வந்தேன். ஆனா அவளப் பத்திக் கொஞ்சம் சொன்னாத்தான் அது உங்களுக்கு விளங்கும்.

வெளிய ஒருத்தி இருமுறது கேக்குதா? அவதான். என் தங்கச்சி டிம்ப்னா. எனக்கு அடுத்த ஆளா பெஞ்சுல உக்காந்திருக்கா. ஸ்ட்ராஸ்பர்க் ஏசியில பிடிச்ச இருமல் அது. பத்து வருஷம் ஐரோப்பிய பார்லிமென்ட்ல இருந்து என்னத்தக் கொண்டு வந்தான்னு இந்த பாலிகோரன்ல கேட்டாங்க. இருமலக் கொண்டு வந்தா.

நீங்க ஊருக்குப் புதுசு. எலெக்சன் அன்னிக்கு நீங்க ஏதோ தியானத்துக்குப் போயிருந்தீங்க. நல்லதாப் போச்சு.

மொதல்ல அவ மாவட்டக் கவுன்சில்ல நின்னா. தெருவிளக்கு, சாக்கடை, அவ்வளவுதான். அப்புறம் டப்ளின் பார்லிமென்ட், பன்னெண்டு வருஷம். செவ்வாய்க்கெழம காலையில ரயிலேறுவா, வியாழக்கெழம ராத்திரி வருவா. வெள்ளிக்கெழம கீரனோட மதுக்கடைப் பின்ரூம்ல உக்காந்து, பாஸ்போர்ட் வரலன்னு அழுறவங்க, ரோட்ல குழின்னு திட்டுறவங்க, எல்லாரையும் கேப்பா. டீ யாரு போட்டது? நான். பன்னெண்டு வருஷம் டீ போட்டேன் சாமி, அதுல ஒருத்தன் சர்க்கரை கம்மின்னான். இப்ப அவன் எதிர்க்கட்சியில இருக்கான்.

அதுக்கப்புறம் ஐரோப்பா. அங்க ஒரு கூத்து கேளுங்க. மாசத்துக்கு ஒருக்கா பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற காயிதத்த எல்லாம் ஆளுக்கொரு பெட்டியில போட்டு, கதவுக்கு வெளிய வச்சிடணும். லாரி வந்து அள்ளிக்கிட்டு ஸ்ட்ராஸ்பர்க் போகும். நாலு நாள் பேசுவாங்க. திரும்ப அதே பெட்டி, அதே லாரி. "ஏன்டி, இருக்கிற எடத்துலயே பேசினா என்ன?"ன்னு கேட்டேன். "அக்கா, அது ஒப்பந்தம்"னா. ஒருதரம் நான் ஒரு பழ கேக்கு சுத்திக் குடுத்து விட்டேன், அத அவ பிரிக்காமலே அந்தப் பெட்டியில போட்டுட்டா. கேக்கு ஆறு மாசம் பிரஸ்ஸல்சுக்கும் ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் போயிட்டு வந்துக்கிட்டிருந்துச்சாம். எங்க வீட்டுக் கேக்கு என்னைவிட அதிகம் ஊர் சுத்தியிருக்கு.

அவ பேசினதையும் பாத்தோம். ஊரே கோயில் ஹால்ல டிவி முன்னாடி உக்காந்து பாத்துச்சு. ஒரு நிமிஷம்தான் குடுப்பாங்களாம். நன்றி சொல்றதுக்கே பாதி போச்சு. மைக்க அணைச்சுட்டாங்க. பின்னால நாலு பேர், மிச்சம் எல்லாம் காலி நாற்காலி. எங்க சித்தப்பா மகன் மலாக்கி, போஸ்டர் ஒட்டுற மலாக்கி, எழுந்து கை தட்டினான். அவன் எதுக்கும் கை தட்டுவான்.

...இருமுறா பாருங்க. மருந்து குடிடின்னா கேக்க மாட்டா.

இந்த ஊர்ல சாவு வீடுதான் சாமி அரசியல். பொணத்துக்குப் பக்கத்துல வந்து நிக்காத ஆளுக்கு ஓட்டு கெடையாது. அவ பிரஸ்ஸல்ஸ்ல இருக்கும்போது இங்க யாராச்சும் செத்தா? அட்ராக்டா இருக்காளே. மழையில போயி, வரிசையில நின்னு, கை குடுத்து, "உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்"னு சொல்லி, செத்தவங்களுக்குப் பூசை வைக்கக் காணிக்கை அட்டை வச்சு, வந்தவங்க பேரெழுதுற நோட்டுல கையெழுத்துப் போடணும். என்னன்னு போடுவேன்? டிம்ப்னா டெவானின்னு போடுவேன். அதுக்கும் ஒரு பாவம் எழுதிக்குங்க, முந்நூத்திச் சொச்சம் தரம். அந்த நோட்டு எதுலயும் அட்ராக்டான்னு ஒரு பேரு கெடையாது. நான் எந்தச் சாவுக்குமே போகலன்னு பிற்காலத்துல எவனாச்சும் நினைப்பான்.

நடுவுல எங்க அம்மா ஆறு வருஷம் படுக்கையில. அதச் சொல்ல வரல. விடுங்க.

இப்ப, போன மாசம். ஐரோப்பா போதும், மறுபடி டப்ளினுக்கு நிக்கப் போறேன்னு வந்தா. கட்சியும் சரின்னுச்சு. ஆனா கூடவே இன்னொரு ஆளையும் நிறுத்துச்சு, யூனன் கார்வின்னு ஒருத்தன். ஆட்டுச் சந்தைக்காரன். இங்க ஒரு தொகுதிக்கு நாலு எடம், அதனால ஒரே கட்சியில ரெண்டு ஆளு நிக்கலாம். ஆத்துக்கு இந்தப் பக்கம் டிம்ப்னாவுக்கு, அந்தப் பக்கம் யூனனுக்குன்னு கட்சி கோடு கிழிச்சுடும். அவன் இந்தப் பக்கம் வந்து ஓட்டுக் கேக்கக் கூடாது. அது சட்டம் இல்ல, ஆனா சட்டத்தவிடப் பெருசு.

உங்க ஊர்ல பொத்தான் அமுக்கினா முடிஞ்சுதுன்னு நீங்க பிரசங்கத்துல சொன்னீங்க. இங்க அப்படி இல்ல சாமி. யாரு உனக்கு மொதல்ல, காயிதத்துல அவங்க பேருக்கு நேரா ஒண்ணுன்னு எழுதணும். அடுத்தவங்களுக்கு ரெண்டு. அப்படியே மூணு, நாலுன்னு போட்டுக்கிட்டே போகலாம். எண்ணும்போது இருக்கிறதுலயே ஓட்டு கம்மியா வாங்கினவங்கள ஒவ்வொருத்தரா வெளிய அனுப்புவாங்க, அவங்க காயிதம் ரெண்டாம் நம்பருக்குப் போகும். நல்ல முறைதான். பச்சப்பிள்ளைக்கும் புரியும். பெரியவங்கதான் குழப்பிக்குவாங்க.

அந்த யூனன் ஆத்தத் தாண்டி வந்தான். எதுக்கு? சாவு வீட்டுக்கு. சாவுக்கு யாரும் எந்தக் கரைக்கும் வரலாம், அதைத் தடுக்க முடியாது. மழை பிடிச்சுக்கிச்சு. எங்க வீட்டு வாசல்ல நின்னான். நனைஞ்ச மனுசன வெளியவா நிறுத்துறது? உள்ள கூப்பிட்டேன். சோடா ரொட்டி வெட்டி வெண்ணெய் தடவிக் குடுத்தேன். ரெண்டு துண்டு தின்னுட்டு, "அட்ராக்டா, இந்த மாதிரி ரொட்டிய என் வாழ்நாள்ல தின்னதில்ல"ன்னான்.

பேரச் சொல்லிச் சொன்னான் சாமி. இங்க எல்லாரும் என்னை டிம்ப்னாவோட அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. என் புருசன் ஃபின்டனே ஒருதரம் அப்படிக் கூப்பிட்டுட்டான்.

அப்புறம் சொன்னான்: "உங்க தங்கச்சிக்கு என்ன, அவங்க எப்பவோ ஜெயிச்சாச்சு. ஐரோப்பாவே பாத்தவங்க. நான்தான் தோத்து நிக்கப் போறேன்." கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு. மழத்தண்ணியாவும் இருக்கலாம்.

அவ்வளவுதான். தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். என்கிட்ட ஓட்டே கேக்கல அவன். அதைச் சொல்லிடணும்.

...முழங்கால் மரத்துப் போச்சு. இந்தப் பலகைக்கு ஒரு மெத்தை போடச் சொல்லி டிம்ப்னாகிட்ட கேட்டு ஆறு வருஷம் ஆச்சு.

ஓட்டு எண்ணுன அன்னிக்கு எல்லாரும் பெரிய விளையாட்டு ஹாலுக்குப் போனோம். ஒவ்வொரு ஊர்ப் பெட்டியாத் தொறந்து கொட்டுவாங்க. தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சி ஆளுங்க பென்சிலும் நோட்டுமா நின்னு, ஒவ்வொரு காயிதத்தையும் எட்டிப் பாத்துக் கோடு போடுவாங்க. எந்த ஊரு யாருக்குப் போட்டுச்சுன்னு அங்கயே தெரிஞ்சிடும். மறைக்கவே முடியாது. எங்க பாலிகோரன் பள்ளிக்கூடப் பெட்டி வந்துச்சு. மலாக்கிதான் கோடு போட்டான். போட்டு முடிச்சு மறுபடி எண்ணினான். அப்புறம் நோட்ட மூடிட்டான்.

டிம்ப்னாவுக்கு எண்பத்தெட்டு. யூனனுக்கு நூத்தி நாப்பத்தி மூணு.

சொந்த ஊரு. ஞானஸ்நானம் வாங்கின ஊரு. போன தடவ இதே பெட்டியில இருநூறு வாங்கினவ.

கடைசியில ஒரு எடம் மிச்சம், இவங்க ரெண்டு பேருதான் அதுக்கு. இவ அவனவிட இருபத்தொம்பது ஓட்டு கம்மி. இவள வெளிய அனுப்பிட்டாங்க, அவன் ஜெயிச்சுட்டான். அவனுக்கு ஒண்ணு போட்ட காயிதத்துல எல்லாம் இவளுக்கு ரெண்டு இருந்துச்சு சாமி, அழகா, பளிச்சுன்னு. ஆனா அவன் நிக்கிற வரைக்கும் அந்த ரெண்டை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

தோத்தவங்களும் மேடையில பேசணும். ஏறினா. அழல. கட்சிக்கு நன்றி, மலாக்கிக்கு நன்றி. அப்புறம், "இந்த இருபத்திரெண்டு வருஷத்துல நான் உருப்படியாச் செஞ்சது ஒரே ஒரு வரி"ன்னா. படுக்கையில கெடக்கிறவங்களப் பாத்துக்கிறவங்களுக்கும் ஓய்வு கெடைக்கணும்னு, ஏதோ ஒரு ஐரோப்பிய தீர்மானத்துல ஒரு வரி. அதைச் சேக்க நாலு வருஷம் அத்தனை நாட்டுக்காரங்ககிட்டயும் நடந்தாளாம். "எங்கம்மா கட்டில் பக்கத்துல ஆறு வருஷம் உக்காந்திருந்த எங்க அக்கா அட்ராக்டாவ நினைச்சுத்தான் அதை எழுதினேன்"னா.

மைக்குல சொன்னா. என் பேரச் சொல்லிச் சொன்னா.

அத முன்னாடியே சொல்லியிருந்தா என்ன சாமி? ஒரு போன் போட்டிருந்தா? நான் ரொட்டியோட நிறுத்தியிருப்பேனே.

ஆமா. வர்றேன், வர்றேன். அதுக்குத்தான வந்திருக்கேன்.

யூனன் போன மறுநாள் ஹால்ல பிங்கோ ஆடப் போனேன். அங்க சொன்னேன். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு டீ ஊத்தும்போது சொன்னேன். மருந்துக்கடையில சொன்னேன். நாப்பது வீடு இருக்கும். "டிம்ப்னாவுக்கு ஆபத்தே இல்ல. உங்க ஒண்ண வீணாக்காதீங்க. பாவம் அந்த யூனனுக்கு ஒண்ணப் போட்டுட்டு, இவளுக்கு ரெண்டப் போடுங்க"ன்னேன். எல்லாரும் நம்பினாங்க. நான்தான அவ அக்கா, எனக்குத் தெரியாதா? அது அவளே சொல்லியனுப்புனதுன்னு நினைச்சுக்கிட்டாங்க. நானும் இல்லன்னு சொல்லல.

அவ தோக்கணும்னு நினைக்கல சாமி. சத்தியமா இல்ல. கொஞ்சம் கம்மியா ஜெயிக்கட்டும்னு நினைச்சேன்.

இப்ப ஊர்ல பேச்சு என்னன்னா, மலாக்கிதான் கெடுத்தானாம். கரை தாண்டி யூனன்கிட்டக் காசு வாங்கிட்டானாம். டிம்ப்னாவும் அதத்தான் நம்புறா. ரெண்டு வாரமா அவன்கிட்டப் பேசல. இன்னிக்குப் பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் அவன வெளுக்கப் போறேன்னு கார்ல வரும்போது சொன்னா. அதுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுச் சுத்தமா வெளுக்கலாம்னுதான் இங்க வந்திருக்கா. கார் ஓட்டுனது நான். அவன் பாவம், வெளிய ஒவ்வொரு கம்பமா ஏறி அவ போஸ்டர அவுத்துக்கிட்டு இருக்கான். அவ மூஞ்சி கசங்கக் கூடாதுன்னு ஒண்ணொண்ணாத் தொடச்சு அடுக்குறான்.

எத்தன மந்திரம் சொல்லச் சொல்லுவீங்க? ஜெபமாலை அம்பத்திமூணு மணியும் சொல்றேன். முழங்கால்லயே சொல்றேன்.

...என்ன? அவகிட்டச் சொல்லணுமா?

நானேவா?

சாமி, நீங்க வேற ஊரு, உங்களுக்கு டிம்ப்னாவத் தெரியாது. பிரெஞ்சுக்காரனே அவளப் பாத்தா எழுந்து நிப்பானாம். நான் போயி என்னன்னு ஆரம்பிக்கிறது? லெட்டர் எழுதிப் போட்டா ஆகாதா? பூசைக்கு முன்னாடியேவா? நான் மெதுவாத்தான பேசுறேன்? எங்கம்மா சொல்லும், நான் ரகசியம் பேசினா மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேக்கும்னு...

கொஞ்சம் இருங்க.

சாமி. வெளிய அந்த இருமல் எப்ப நின்னுச்சு?