அறுநூற்றுப் பதினான்கில் ஒன்று

உப்பு டப்பாவின் மூடி சரியாக மூடியிருக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, இன்ஸ்பெக்டர் மேடம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாகப் புரியும்.

என் பெயர் அமுதவல்லி. வெளியே பெஞ்சில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாரே தீர்த்தகிரி, அவருடைய மனைவி. திருச்செங்கோட்டில் பதினாறு வருடமாகக் கல்யாணப் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். பூபதி சொல்லித்தான் அவர் அங்கமுத்து குடும்பத்தை ஆல்பத்திலிருந்து தூக்கிவிட்டார் என்கிறார்கள். அந்த அளவுக்குத் திட்டம் போட என் கணவருக்கு வராது. செய்தது நான்.

விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கமுத்து அண்ணன், பூபதி தம்பி. போர்வெல் போடுகிற ரிக் வண்டித் தொழில் பிரிந்ததிலிருந்து ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. போன ஆவணியில் பூபதியின் மகன் சரவணக்குமாருக்கும் சரிதாவுக்கும் கல்யாணம். யாரும் எதிர்பார்க்காதபடி அங்கமுத்து மனைவி, மக்கள், மருமகள்களோடு வந்தார். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக மேடையேறி மணமக்கள் பக்கத்தில் நின்றார், போட்டோ எடுத்தார்கள், இறங்கிப் போய்விட்டார். எங்கள் பக்கம் அது போதும். பந்தியில் சாப்பிட்டவரைக்கூட வரவில்லை என்று சொல்லிவிடலாம். போட்டோவில் நின்றவரைச் சொல்ல முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆல்பம் வந்தது. பூபதி ஆள் விட்டு அண்ணனை அழைத்தார். ஒன்பது வருடம் கழித்து அங்கமுத்து அந்த வாசல்படி மிதித்தார். ஆல்பத்தை முன்னாலிருந்து பின்னால் புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். எழுந்து போனார். ஒரு மணி நேரத்தில் அவருடைய ரிக் லாரி பூபதி வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது.

"நாங்க நின்ன போட்டோ வார வரைக்கும் வண்டி நவுராது. அதுக்கு மேல பேசுனா இவன் ஊட்டு வாசல்லயே ஆயிரம் அடி போட்டுருவேன்" என்றார். நீங்களே அந்த லாரிக்கு அடியில் குனிந்துதான் விசாரணைக்கு உள்ளே போனீர்கள். மூன்று நாளாக மணமக்கள் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்து விருந்துக்குப் போய் வருகிறார்கள்.

இனி கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

என் கணவரின் கம்ப்யூட்டரை நீங்கள் பார்த்ததில்லை. திரை முழுக்கக் கோப்புகள், சந்தை கலைந்த இடம் மாதிரி. டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு. ஆல்பம் வடிவமைக்கிற பெண் தீபிகா, "அக்கா, ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள நான் பஸ் ஸ்டாண்டு போயி டீ குடிச்சுட்டு வந்தர்றனுங்க" என்பாள். அடுத்தடுத்து முகூர்த்தம். என் கணவர் கேமரா பையைத் தோளில் போட்டபடி சொன்னார்: "அமுதா, இதக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வையி. ஊட்ட அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கறயில்ல."

பதினாறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது முதல் தடவை. கீபோர்டில் இருந்த தூசியைத் துடைக்கத்தான் சொன்னேன் என்று இப்போது சொல்கிறார். அப்படியென்றால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

சுத்தம் செய்கிற மென்பொருள் ஒன்றை இறக்கினேன். இலவசம். அதன் அடையாளப் படம் ஒரு துடைப்பம். பார்த்ததும் நம்பிக்கை வந்தது. முதலில் தற்காலிகக் கோப்புகளை எடுத்தது. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அடுத்து, பெரிய கோப்புகள் எவை என்று காட்டியது. சரவணக்குமார் கல்யாண வீடியோதான் முதலில் நின்றது. அதை நான் முழுக்கப் பார்த்திருக்கிறேன், மேடம். பாதி நேரம் ஆட்கள் பாயசம் குடிக்கிறார்கள். எடுத்துவிட்டேன்.

அப்புறம் நகல்கள். என் கணவர் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருப்பார். கம்ப்யூட்டரில் உள்ள கல்யாணமெல்லாம் அதிலும் அப்படியே இருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடித்தது. ஒரு வீட்டில் எதற்கு இரண்டு உப்பு டப்பா? டிஸ்கைக் காலி செய்தேன். கேமரா கார்டுகளைக் கேட்காதீர்கள். இரண்டு இடத்தில் இருக்கிறதே என்ற தைரியத்தில் அவரே அவற்றை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போயிருந்தார். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

கடைசியாக, ஒரே மாதிரிப் படங்கள். அந்தக் கல்யாணத்தில் அறுநூற்றுப் பதின்மூன்று படங்கள் ஒரே மாதிரி என்றது. பார்த்தேன். உண்மைதான். அதே மேடை, அதே மாலை, அதே மாப்பிள்ளை, அதே பெண். பக்கத்தில் நிற்கிற ஆட்கள்தான் வேறு.

அப்போதுதான் 'வேண்டாதது' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. திறந்தேன். மேடையில் குறுக்கே போன நாய் ஒன்று. யாருடைய முதுகோ ஒன்று. கரண்ட் போன இருட்டு ஒன்று. அடுத்தது அதே மேடையில் நான். இளம்பிள்ளைப் பட்டு, இலைப்பச்சை, அரக்குக் கரை. நானே தறிக்காரர் வீட்டுக்குப் போய் நிறம் சொல்லி வாங்கியது. பதினாறு வருடத்தில் ஊரார் மனைவிமாரையெல்லாம் எடுத்த மனிதர் என்னை எடுத்த ஒரே படம் அது. நாய்க்கும் எனக்கும் நடுவில் இரண்டு படங்கள்தான் இருந்தன.

நான் கோபப்படவில்லை. அந்தப் படத்தை எடுத்து மற்ற மேடைப் படங்களோடு சேர்த்தேன். ஒரே வகைச் சாமான் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அறுநூற்றுப் பதினான்கு ஆனது.

இவற்றில் ஒன்றை மட்டும் வைக்கலாம், எதை வைக்கட்டும் என்று மென்பொருள் கேட்டது. சிறந்த படம் என்று அதுவாகவே ஒன்றுக்கு நட்சத்திரமும் போட்டிருந்தது. அங்கமுத்து குடும்பப் படம். ஒன்பது பேரும் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார்கள், ஒன்பது பேருக்கும் கண் திறந்திருக்கிறது. அவர் யாரென்று எனக்குத் தெரியும். என்ன பாடுபட்டு அந்த மேடை ஏறினார் என்பதும் தெரியும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு வேறொன்றுக்குப் போட்டேன். இவற்றை மீட்க முடியாது, உறுதிதானா என்று இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்றேன். சிவப்புக் கோடு நீலமானது. அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

தீபிகா மட்டும் கேட்டாள்: "ஏனுங்கக்கா, மேடைப் போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது?"

"ஒண்ணுன்னாலும் நல்லா இருக்குதில்ல, சாமி? பெருசாப் போடு" என்றேன். இரண்டு பக்கம் நிறைய விரித்துப் போட்டுவிட்டாள். என் கணவர் நான்கு முகூர்த்தத்தில் அலைந்துகொண்டிருந்ததால் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினார்.

இவ்வளவுதான், மேடம். அண்ணனையும் தம்பியையும் கதவுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி இதைக் கேட்க வைத்தது நல்லதாகப் போயிற்று. சற்று முன்பு அங்கமுத்து சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

"ஏன்டா பூபதி, இந்தம்மா பண்ணுன வேலைக்கா நான் மூணு நாளா உம்பட வாசல்ல டீசல் எரிச்சேன்?"

"ஊட்டுல நான் அன்னைக்கே சொன்னேன், நமக்கு மேச்சேரிக்காரன் ஸ்டூடியோவே போதும்னு. எவன் கேட்டான்? வா, போயி வண்டிய எடு. உள்ள ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்" என்றார் பூபதி.

ஒன்பது வருடம் கழித்து அண்ணன் தம்பி பேசிக்கொள்கிறார்கள். என்னைத் திட்டுவதற்காகத்தான் என்றாலும், அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அத்தனையும் அழிச்சுட்டு அந்த ஒண்ண மட்டும் எதுக்கும்மா வெச்சே?"

இருந்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. வேறு காரணம் கிடையாது. வேண்டுமானால் ஆல்பத்தை வரவழைத்து நீங்களே பாருங்கள். சேலையின் கரை ஒவ்வொரு இழையும் தெரிகிறது. பெண் சரிதாவின் பாதி முகம் என் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அது அவருடைய கவனக்குறைவு.