தொந்தி முன்னே, மேஸ்திரி பின்னே

— முடியாதுன்னு மூணு தடவை சொல்லிட்டேன் வாத்தியாரே. அந்த மூட்டை மேல உக்காராதீங்க. வாய் பிரிஞ்ச சர்க்கரை மூட்டை. வீட்டுக்குப் போறதுக்குள்ள எறும்பு உங்களைத் தூக்கிட்டுப் போயிடும்.

— போகட்டும் அக்கா. நாளைக்குச் சாயங்காலம் கச்சேரி. நீங்க வரலேன்னா மேடையில நானும் மைக்கும்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கணும்.

— மாசாமாசம் நடத்துறீங்களே, பழைய பாட்டையெல்லாம் காப்பாத்துறோம்னு. போன மாசம் பாடினவங்களைக் கூப்பிடுங்க.

— அவங்களுக்கு மூட்டைன்னா சமையக்கட்டுல இருக்கறதுதான் தெரியும். இந்த மாசம் சுமைப்பாட்டு. உங்க ஆளுங்க எட்டுப் பேரும் சரின்னுட்டாங்க. ஆனா அக்கா வரி எடுத்தாத்தான் நாங்க பின்பாட்டுன்னு கறாரா நிக்கறாங்க.

— அதுங்களுக்கென்ன, 'ஏலேலோ'ன்னா வேலை முடிஞ்சுது. ஒரு வரி எடுக்கச் சொல்லுங்க, அத்தனையும் ஊமையாயிடும்.

— அதனாலதான் கெஞ்சறேன். கூட்டத்தைப் பாத்தா பயமா?

— எனக்கா? குடோன் வாசல்ல நின்னு, வெறும் வாயாலேயே லாரியெல்லாம் பின்னாடி எடுக்க வெச்சவ நான்.

— அப்போ மைக்தான் பிடிக்கலையா? வேணாம், எடுத்துடறேன். உங்க தொண்டைக்கு மைக் வெச்சா மண்டபத்து ஓடு பறந்துடும்.

— இது பாராட்டா, திட்டா?

— ரெண்டும்தான். சொல்லுங்க அக்கா, என்னதான் பிரச்சனை?

— வேற எந்தப் பாட்டு வேணாலும் பாடறேன். தொந்திப் பாட்டு மட்டும் வேணாம்.

— அதுதானே உயிரு! முதல்முதலா கேட்ட அன்னிக்கு, சிரிச்சு சிரிச்சு எனக்கு விக்கலே வந்துடுச்சு.
'தொந்தி முன்னே வருகுது, ஏலேலோ!
மேஸ்திரி பின்னே வராரு, ஏலேலோ!
தூக்கு தூக்கு என்பாரு, ஏலேலோ!
தூணில் சாஞ்சு...'

— ஐயோ நிறுத்துங்க! நீங்க பாடினா தலையில இருக்கற மூட்டை தானா குதிச்சிடும்.

— ஆ... இப்போ புரியுது. முதலாளியை நெனச்சுதானே? மண்டபம் குடுத்தவரு, முதல் வரிசையில உக்காரப் போறவரு. அவர் தொந்தியும் லேசுப்பட்டதில்ல. பாட்டு அவரைப் பத்தினதா?

— அவரா? அவரு அன்னிக்கு ஈர்க்குச்சி. இதே குடோன்ல எங்களோட மூட்டை தூக்கினவரு. அந்தப் பாட்டைக் கட்டினதே அவருதான்.

— என்னக்கா சொல்றீங்க! 'கட்டியவர் யாரென்றே தெரியாத தொன்மையான பாடல்'னு நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டிட்டேனே!

— ஒட்டினா என்ன, அவரே நின்னு படிச்சுக்கட்டும். முப்பத்தஞ்சு வருஷமாச்சு. பாதிப் பேருக்குப் பல்லு கொட்டிடுச்சு, தொன்மைதான்.

— அப்போ அவரு கோச்சுக்க மாட்டாரு?

— முத ஆளா கை தட்டுவாரு. என்னைவிட நல்லா ஞாபகம் இருக்கும்.

— அந்த மேஸ்திரி? உயிரோட இருக்காரா? மண்டபத்துல வந்து மல்லுக்கு நிப்பாரா?

— போய்ச் சேந்து இருபது வருஷமாச்சு. இருந்தாலும் நிக்க மாட்டாரு. அவரு காதுபடத்தான் பாடுவோம். தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவாரு.

— பாட்டுல சொல்ற மாதிரி நெஜமாவே தூங்குவாரா?

— தூங்குவாரு. விடிய விடிய வர்ற லாரிக்கும் அவருதான் காவல். அந்த வரியை எவனும் கட்டல.

— சரிக்கா. கட்டினவரு கோச்சுக்க மாட்டாரு, கேக்க மேஸ்திரியும் இல்ல. இன்னிக்குக் காலையிலகூட இதையேதான் பாடினீங்க, தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. குடோன்ல வர்ற பாட்டு மேடையில மட்டும் ஏன் வராது?

— தலையில அம்பது கிலோ இருந்தா என் மூச்சு மட்டும்தான் எனக்குக் கேக்கும் வாத்தியாரே. வெறுந்தலையோட நின்னு பாடினா, நான் சிரிக்கறது எங்க அப்பாவைப் பாத்துன்னு காதுல விழுமே.