எடுத்த படத்தைப் பார்க்காதவர்கள்

இந்த மருத்துவமனையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மேதைகளே, முன்வரிசைப் பெரியவர்களே, முகம் சுளிக்காமல் காத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று தெரியும். என் சட்டைப் பொத்தான் ஒரு துளை மாறியிருக்கிறது. கண்ணாடி பார்க்காமல் கிளம்பிவிட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பொத்தான் இடம் மாறினால் சிரிப்பு வரும். மருந்துக் குழாய் இடம் மாறினால் என்ன வரும்? அதோ, வீங்கிய வலது கையோடு உட்கார்ந்திருக்கும் தையல்காரர், என் தங்கை புருஷன், அவரைக் கேளுங்கள்.

காய்ச்சல் முற்றிப் படுத்த மச்சானுக்குத் தோள் எலும்புக்கு அடியில் குத்தி, பெரிய ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினார் சின்ன டாக்டர். இதயம் நோக்கி இறங்க வேண்டிய குழாய், கழுத்தை நோக்கி ஏறிவிட்டது. மருந்து போனதும் மச்சான் முனகினார்.

"டாக்டர், காதுக்குள்ள குழாயத் திறந்து விட்ட மாதிரி தண்ணி ஓடுது."

"அதெல்லாம் பயம். கண்ண மூடித் தூங்குங்க."

எப்பேர்ப்பட்ட வைத்தியம் பாருங்கள். காதுக் கோளாறுக்குக் கண்ணுக்கு மருந்து. எக்ஸ்ரே எடுக்கவில்லையா என்கிறீர்களா, அம்மா? எடுத்தார்கள். அது மேசைமேல், டீ பிளாஸ்க்குக்கு அடியில் படுத்திருந்தது. படிப்பு இருந்தது, பட்டம் இருந்தது, படமும் இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

மறுநாள் கழுத்து வீங்கியது, கை வீங்கியது. என் தங்கை சின்ன டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"படம் எடுத்தீங்கல்ல? ஒரு தடவ பாத்துட்டுப் போங்க சார்."

"பாத்தாச்சும்மா."

"எப்ப பாத்தீங்க? பிளாஸ்க் இன்னும் அதுமேலதான இருக்கு."

பார்த்தார். குழாயை உருவினார்கள். அதற்குள் ரத்தம் உறைந்து, கையிலிருந்து ரத்தம் திரும்பும் வழியை அடைத்திருந்தது. மச்சான் பிழைத்தார், கத்திரிக்கோல் பிடிக்கும் கை இன்னும் பிழைக்கவில்லை.

குழாய் வழி தவறுவது குற்றமா? இல்லை. கைதேர்ந்தவருக்கும் தவறும். தவறியதைப் பார்க்க மறுத்தீர்களே, அது குற்றம். வலியைச் சொன்னவரைப் பயந்தாங்கொள்ளி ஆக்கினீர்களே, அது குற்றம். யாரோ பின்னால், "விடுண்ணே, விழா நடக்குது" என்கிறார். விடுகிறேன் தம்பி. அந்தக் கை ஊசியில் நூல் கோக்கும் அன்றைக்கு விடுகிறேன். அதுவரை ஒன்றே ஒன்று கேட்பேன்: இனி இங்கே எந்த உடம்பில் குழாய் ஏறினாலும், மருந்து இறங்குமுன் படத்தின்மேல் உங்கள் கண் இறங்கட்டும்!

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும் நன்றி. பேசிக்கொண்டே சட்டையைச் சரிசெய்ததில், நூல் தளர்ந்தும் மச்சான் கை சரியில்லாததால் தைக்காமல் விட்ட பொத்தான் ஒன்று அறுந்து, பெரிய டாக்டரின் டீயில் விழுந்துவிட்டது. ஐயா, குடிக்குமுன் கொஞ்சம் பாருங்கள்.

பார்க்காமலே குடித்துவிட்டார். வணக்கம்.