எண் எழுதாத சிவப்பு அட்டை

மார்ச்சு மாதம் பதினொன்றாம் நாள் தொடங்கி ஐம்பது நாள்கள், என் மனைவியால் ஆறாம் தளத்தைவிட்டுக் கீழே இறங்க இயலவில்லை. இதுவே என் குறை. மற்றவை யாவும் இதிலிருந்து பிறந்தவை.

சிவப்பு அட்டையை இடம் மாற்றியது யாரென்று நேற்று வாரியத்திலிருந்து என் வீட்டுக்கு வந்து வினவினீர்கள். வாயால் சொன்னால் பாதியை எழுதிக்கொண்டு மீதியை விட்டுவிடுவீர்கள். ஆகவே நானே எழுதித் தருகிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஏழு தளங்கள். இடப்பகுதிக்கு ஒரு மின்தூக்கி, வலப்பகுதிக்கு ஒன்று. இரு பகுதிகளும் தரையிலும் மொட்டைமாடியிலும் மட்டுமே சேரும். மொட்டைமாடிச் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கும். அவர் வலப்பகுதியில் ஏழாம் தளத்தில் வசிப்பவர், நான் இடப்பகுதி.

எங்கள் பக்கத்து மின்தூக்கியில், கூண்டு வந்து சேருமுன்பே சில நேரம் கதவு திறந்துகொள்ளும். செயலாளருக்குப் பதினான்கு கடிதங்கள் எழுதினேன்.

"வாத்தியாரே, லிஃப்டுக்கெல்லாம் மார்க் போடாதீங்க. அது நல்லாத்தான் ஓடுது" என்றார்.

பதினைந்தாம் கடிதத்தைத் தங்கள் வாரியத்துக்கு எழுதினேன். கொதிகலன், எரிவாயு உருளை, பெட்ரோல் கிடங்கு, மின்தூக்கி என வெடிப்பனவற்றையும் விழுவனவற்றையும் கண்காணிக்கும் வாரியம், ஒரே வாரத்தில் ஆய்வாளரை அனுப்பியது. பாராட்டுகிறேன். அவர் சோதித்துவிட்டு, தரைத்தள மின்பெட்டியில் இடப்பக்கக் கைப்பிடியை இறக்கி, அதில் சிவப்பு அட்டையைக் கட்டினார்: பழுது நீங்கும்வரை இயக்கக் கூடாது. கையொப்பம், முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. மின்தூக்கியின் எண்ணுக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் கண்ணில் அது படாமல் போகுமா?

செயலாளரின் மின்தூக்கி ஓடிக்கொண்டிருந்தது. எனவே அவர் மெக்கானிக்கை அழைக்கவில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி. நகரின் மறுகோடியில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தார். மொட்டைமாடிச் சாவியையாவது கேட்டேன்.

"சாவி குடுத்தா உங்க ஆளுங்க எல்லாரும் எங்க லிஃப்டுல ஏறுவாங்க சார். அப்புறம் அதுவும் படுத்துடும்."

ஏப்ரல் முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அட்டையை அவிழ்த்து வலப்பக்கக் கைப்பிடியில் கட்டினேன். அந்தக் கைப்பிடியை இறக்கி, மற்றதை ஏற்றினேன். எதையும் ஒளித்துச் செய்யவில்லை. இருவர் எனக்கு வணக்கம்கூடச் சொன்னார்கள். செயலாளர் ஏழு தளம் ஏறி மூச்சு வாங்கினால் மூன்றாம் நாளே மெக்கானிக் வருவார், வந்தவர் இரண்டையும் பார்ப்பார் என்பது என் எதிர்பார்ப்பு.

செயலாளர் ஒருமுறைதான் ஏறினார்.

"பாத்தீங்களா வாத்தியாரே? தப்பான லிஃப்டுல மாட்டிட்டு, இப்பத்தான் திருத்தியிருக்காங்க. நான் அப்பவே சொல்லல?"

மொட்டைமாடிக் கதவைத் தமக்காகத் திறந்துகொண்டு, எங்கள் மின்தூக்கியில் போய்வரத் தொடங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு முறை சொல்லியாயிற்று. மேலும் சொல்வது கூறியது கூறல் என்னும் குற்றமாகும்.

இடப்பகுதியின் இருபத்தேழு குடும்பங்களும் அதில் ஏறி இறங்கின. காலைதோறும் நான் செய்தித்தாளுடன் தரைத்தளத்தில் அமர்ந்து அவர்களுக்கு வணக்கம் சொன்னேன்.

"சார், நீங்க ஏறலையா?"

"எனக்கு நடக்கிறதுதான் பிடிக்கும்மா. நீங்க போங்க."

என் மனைவிக்கு மட்டும் தடை விதித்தேன்.

"ஏங்க, லிஃப்டுதான் ஓடுதே. போய் அக்காவை ஒரு எட்டு பாத்துட்டு வரேனே?"

"வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் பொறு."

காரணம் கூறவில்லை. கூறியிருந்தால் இருபத்தேழு வீடுகளுக்கும் தெரிந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் ஏழாம் தளத்தில் கதவு திறந்தது. கூண்டு ஐந்தில் நின்றது. செயலாளர் கைப்பேசியைப் பார்த்தபடி காலெடுத்து வைத்தார். கூண்டின் கூரைமேல் விழுந்தார். இரண்டு கால்களிலும் எலும்பு முறிவு. மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன்.

"வாத்தியாரே, நீங்க சொன்னது சரிதான்" என்றார்.

பதினான்கு கடிதங்களுக்கும் சேர்த்து வந்த ஒரே பதில் அது. நிறைவாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நானும் அதுலதாங்க போனேன். நீங்க சாயங்காலம் நூலகத்துக்குக் கிளம்பினப்புறம். ஒன்பது நாள். அக்காவைப் பாக்காம இருக்க முடியல."

இறங்க ஒருமுறை, ஏற ஒருமுறை. ஆகப் பதினெட்டு.

ஆம், அட்டையை மாற்றியவன் நானே. மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் எண் இருந்திருந்தால் அட்டை அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்குமா? சிந்தியுங்கள். எண்ணை எழுதாமல் விட்ட அந்த ஆய்வாளரை உடனே பணிநீக்கம் செய்யுங்கள். என் மனைவியைப் பதினெட்டு முறை கொல்லப் பார்த்தவர் அவர். எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.